அகுஸ்தீன் சொன்னதாக வரும் மேற்கோளை அவர் நூலிலேயே தேடுவது எப்படி?

"புனித அகுஸ்தீன் சொன்னது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. அதை மறையுரையிலோ கட்டுரையிலோ சேர்ப்பதற்கு முன், அவர் அப்படி எழுதியிருக்கிறாரா என்று தயவுசெய்து பார்த்துவிடுங்கள். இலத்தீன், கிரேக்கம் தெரியாவிட்டாலும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அகுஸ்தீனைப் போன்ற தொடக்கத் திருச்சபை எழுத்தாளர்களின் நூல்கள் பெரிய தொகுப்புகளாக வந்திருக்கின்றன. முதலில் எந்தத் தொகுப்பு என்று பாருங்கள். 325-இல் திருச்சபை ஆயர்கள் கூடிய நைசீயச் சங்கத்துக்கு முந்தைய எழுத்தாளர் என்றால் (இரேனியு, தெர்த்துல்லியன், ஒரிஜன்) 'ஆன்டி-நைசீன் ஃபாதர்ஸ்', 10 தொகுதிகள். பிந்தையவர் என்றால் 'நைசீன் அண்ட் போஸ்ட்-நைசீன் ஃபாதர்ஸ்', இரண்டு வரிசை, வரிசைக்கு 14 தொகுதிகள். முதல் வரிசையில் முதல் 8 தொகுதிகளும் அகுஸ்தீன், மீதி 6 கிறிசோஸ்தோம். அத்தனாசியு இரண்டாம் வரிசையின் 4-ஆம் தொகுதியில் இருக்கிறார். எல்லாமே சி.சி.இ.எல். (Christian Classics Ethereal Library, ccel.org) தளத்தில் உண்டு.

அடுத்தது எண்கள். எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "இவ்வளவு பழமையும் இவ்வளவு புதுமையுமான அழகே, உன்னைத் தாமதமாகத்தான் நேசித்தேன்" என்ற புகழ்பெற்ற வரிக்குக் கன்ஃபெஷன்ஸ் (அகுஸ்தீன் தன் வாழ்வைச் சொல்லும் நூல்) 10.27.38 என்று போட்டிருப்பார்கள். 10 என்பது புத்தகம், 27 அதிகாரம், சரி. 38-ஐ 27-ஆம் அதிகாரத்துக்குள் 38-ஆவது பத்தி என்று எடுத்துக்கொண்டு தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அந்த அதிகாரத்தில் இருப்பதே ஒரு பத்திதான்! பத்தி எண் அதிகாரம் மாறினாலும் திரும்ப 1-க்குப் போகாமல் புத்தகம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இதனால் ஒருவர் 10.27 என்பார், இன்னொருவர் 10.38 என்பார், இரண்டும் ஒரே இடம்தான். பக்க எண்ணை மட்டும் கொடுக்கும் மேற்கோளை நம்பிப் போகாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு அது மாறும்.

இடத்தைப் பிடிக்கப் பழைய தொகுப்பு போதும். ஆனால் உட்கார்ந்து படிக்க அந்த 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் சிரமம். கன்ஃபெஷன்ஸுக்கு ஹென்றி சாட்விக்கின் 1991 மொழிபெயர்ப்பை வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று. 'ஆன்டி-நைசீன்' தொகுப்பில் அலெக்சாந்திரியா கிளமெந்து எழுதிய 'ஸ்ட்ரோமாட்டா' நூலின் மூன்றாம் புத்தகத்தைத் திறந்தால் திடீரென இலத்தீனாக இருக்கும். உங்கள் கணினியில் ஒன்றும் பழுதில்லை. திருமணம், உடலுறவு பற்றிய பகுதி என்பதால் அன்றைய பதிப்பாளர்கள் ஆங்கிலத்தில் போடத் தயங்கி இலத்தீனில் அச்சிட்டார்கள். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் 20-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பைத்தான் தேட வேண்டும்.

பின்னூட்டங்களைப் பார்த்தபின் சேர்த்தது: திருப்பாடல் எண் பொருந்தவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். இந்த ஆசிரியர்கள் கையாண்ட கிரேக்க, இலத்தீன் விவிலியங்களில் பெரும்பாலான பாடல்களின் எண் ஒன்று குறைவு. நம்முடைய 23 அவர்களுக்கு 22, நம்முடைய 51 அவர்களுக்கு 50. சில மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணை மாற்றியிருப்பார்கள், சிலர் அப்படியே விட்டிருப்பார்கள், எனவே இரண்டையும் பாருங்கள்.

அப்புறம் அந்தியோக்கியா இஞ்ஞாசியார். 'ஆன்டி-நைசீன்' தொகுப்பின் முதல் தொகுதியில் அவருடைய ஏழு கடிதங்களும் குறுகிய வடிவம், நீண்ட வடிவம் என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். குறுகியதையே எடுங்கள், நீண்டது பிற்காலத்தில் யாரோ விரித்து எழுதியது. அந்த ஏழைத் தாண்டி அவர் பெயரில் அதே தொகுதியில் வரும் மற்றக் கடிதங்கள் போலி, அவற்றிலிருந்து மேற்கோள் எடுக்கவே வேண்டாம்.