சொந்தக் காசைப் பள்ளிக்குச் செலவழிக்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மலைக்குப் புதிதாக மாறுதலாகி வரும் டீச்சர்களிடம் முதலில் என் ஸ்வெட்டர் கதையைத்தான் சொல்வேன்.

சில வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம். பிள்ளைகள் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எழுதச் சொன்னால் விரல் மடங்கவில்லை. மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை ஊட்டிக்குப் போய், திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி 31 ஸ்வெட்டர் வாங்கினேன். ஒன்று 280 ரூபாய், மொத்தம் 8,680. சீட்டு எடுத்த பணம். மூன்றே வாரத்தில் ஒரு வண்டி வந்து நின்று அரசு ஸ்வெட்டர் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் ஆயிற்று. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால் பர்ஸைத் திறக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது அரசிடமிருந்து வரவேண்டிய பொருளா? மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் எல்லாம் விலையில்லாமல் வருகின்றன. எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதுவரைக்கும் சமாளிக்க நாலைந்து பழைய ஸ்வெட்டர் மட்டும் தேடிப்பிடியுங்கள். இரண்டாவது, இதைப் பள்ளி மானியத்தில் வாங்கலாமா? 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருடம் 25,000 ரூபாய் மானியக் கணக்கு உண்டு. சாக்பீஸ், விளக்குமாறு, சார்ட் எல்லாம் அதில் வரவேண்டியவை. சாக்பீஸுக்குக் கைக்காசு போடும் டீச்சரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் நோட்டு. 40 பக்க நோட்டு போதும். தேதி, பொருள், தொகை. மாதம் இவ்வளவுதான் என்று சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள். நான் 1,000 ரூபாய் போடுகிறேன். கவர் காலியானால் அடுத்த மாதம்தான். கணக்கு எழுதுவது பெருமைக்கு இல்லை. எழுதாதபோது மாதம் முந்நூறுதான் செலவாகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் ஜெராக்ஸுக்கே அதைவிட அதிகமாகப் போனது தெரிந்தது.

சரி, அந்த ஆயிரத்தை எதற்குச் செலவழிப்பது? என் அனுபவத்தில் பஸ் டிக்கெட்டுக்கும் சான்றிதழுக்கும் செலவழித்த காசு மாதிரி வேறெதுவும் திரும்பி வந்ததில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வாகிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு. வீட்டு வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் அதற்குமேல் இருக்காது. ஆனால் இருக்காது என்பதற்கும் ஒரு சான்று வேண்டுமே!

இங்கேதான் பிள்ளைகள் நிற்கிறார்கள். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை, கணக்கில் புலி. எஸ்டி என்று காட்டச் சாதிச் சான்று இல்லை. பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்ட அளவிலான அதிகாரிதான் தரவேண்டும். கோத்தகிரிக்காரர்களுக்கு அது குன்னூர். அவள் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஒரு நாள் கூலி போயிரும் டீச்சர். ரெண்டு தடவ லீவு போட்டா மேஸ்திரி அப்புறம் கூப்பிட மாட்டாரு."

அவர் சொன்னது நியாயம். எனவே அவர் ஒரே ஒரு நாள் மட்டும் வந்தால் போதும் என்கிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொண்டேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். முதலில் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவேடு மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இவளுக்கு ஆதாரில் இனிஷியல் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று. அதைச் சரிசெய்யாமல் போயிருந்தால் நிச்சயம் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்பாவுக்கோ உறவினருக்கோ பழைய சான்று இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். எல்லாம் சரியான பிறகுதான் அப்பாவை அழைக்க வேண்டும். டிக்கெட்டும் சாப்பாடும் நான் போட்டேன். கூலியைக் கொடுக்கவா என்று கேட்டேன், வாங்கமாட்டேன் என்றுவிட்டார். மறுநாள் பள்ளிக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வந்தது.

தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பது காலையில்தான். மாலையில் வைக்காதீர்கள். நாலரைக்கு மூடுபனி இறங்கிவிட்டால் தேயிலைக் காட்டுப் பாதையில் காட்டுமாடு நிற்பது பத்தடிக்கு முன்னால்தான் தெரியும். நான் எட்டு மணிக்கு வகுப்பு வைக்கிறேன். இதற்குக் காசு வாங்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவே ஆசிரியர் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. தேர்வில் மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. பாடம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். மனத்திறனில்தான் தடுமாறுவார்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆனால் எட்டு மணிக்கு வருகிற பிள்ளை பசியோடு வரும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். கீழே தம்பி உப்புமா சாப்பிட, மேல் வகுப்பு அக்கா அதைப் பார்த்துக்கொண்டே போவாள். பச்சைப்பயறு சுண்டல் செய்துகொண்டு போங்கள். முந்தின ராத்திரி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். இங்கே பச்சைத் தண்ணீரில் போட்டால் விடிந்தாலும் கல்லு மாதிரியே கிடக்கும். கீழே மேட்டுப்பாளையத்தில் இரண்டு விசில் விட்டால் இங்கே நாலு விட வேண்டும். 12 பேருக்கு முக்கால் கிலோ. தேங்காயை மறந்தாலும் மாங்காய் இஞ்சி போட மறக்காதீர்கள், அதுதான் பாத்திரத்தை வழிக்க வைக்கிறது.

பொருள் கொடுக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். என் பீரோவில் ஆறு குடை, நாலு ஜோடி சாக்ஸ், ஒரு பொட்டலம் நாப்கின் இருக்கும். பீரோவைப் பூட்டுவதில்லை. "வேணுங்கறத எடுத்துட்டு, முடிஞ்சா திருப்பி வையுங்க" என்று ஜூன் மாதம் ஒரே ஒரு தடவை சொல்வேன். யார் எடுத்தது என்று கேட்கமாட்டேன். பூட்ஸ் பெரிதாக இருக்கும் பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் பேப்பர் திணித்துக் கொடுக்காதீர்கள். விளையாட்டு பீரியடில் எல்லாரையும் பழைய செய்தித்தாளில் கால் வரையச் சொல்லுங்கள், அளவு கிடைத்துவிடும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியாட்கள் தரும் பணத்தை உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, தீர்மானம் எழுதி, குழுக் கணக்கில் வாங்குங்கள். நல்ல மனசோடு வாங்கிய இரண்டாயிரத்துக்கு விளக்கம் எழுதிய ஒரு டீச்சர் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நான் பள்ளிக்குக் கொடுப்பதில்லை. அன்றைக்குத்தான் துணி காய வேண்டும், அதுவும் வெயில் வந்தால்.