கையில் மொத்தப் பணம் இல்லாததால் ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிடும் முறை

ஒரே பொருளுக்கு வசதி உள்ளவரைவிட இல்லாதவர் அதிகம் கொடுக்க நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதாரித்தனம் அன்று. வேண்டிய நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லாமையே. இந்தக் கூடுதல் தொகை பல நேரங்களில் எந்த ரசீதிலும் தனியாகத் தெரிவதில்லை என்பதால், முதலில் அதை வெளிக்கொணர வேண்டும்.

ஒரு மாதச் செலவு முழுவதையும் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும், அன்று மொத்தப் பணம் கையில் இருந்திருந்தால் இதற்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டு, வித்தியாசத்தைக் குறியுங்கள். சிறு பொட்டலமாக வாங்கியது, கெடு தவறியதற்கான அபராதம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு வங்கி பிடித்தது, மலிவென்று வாங்கிச் சில மாதங்களில் பிய்ந்துபோன செருப்பு, தள்ளிப்போட்டதால் முற்றிய பல்வலி ஆகியவை இதில் வரும்.

கடனைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நூற்றுக்கு ஐந்து என்று காதில் சிறிதாக விழும் மாத வட்டி, கட்டப்படாமல் அசலோடு சேர்ந்துகொண்டே போனால் ஓராண்டில் ஏறக்குறைய 80 விழுக்காடாகிறது. வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 90 மட்டும் கொடுத்து, வாரம் 10 வீதம் 10 வாரங்களில் 100 திரும்பப் பெறும் கடனைப் பத்து விழுக்காட்டுக் கடன் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கால அளவு பத்தே வாரம் என்பதாலும், முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துவருவதாலும், உண்மை வட்டி ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே, கையில் வருவது, மொத்தம் கட்டுவது, கால அளவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தவணைத் தொகையை மட்டும் சொல்பவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்தது, எந்தக் கசிவை முதலில் அடைப்பது என்பது. பணம் தேவைப்படாதவற்றை உடனே செய்யலாம். கட்டணக் கெடுவைச் சம்பள நாளுக்குப் பின்னால் மாற்றித் தருமாறு கேட்பது அத்தகையது. மற்றவற்றில், போட வேண்டிய தொகையை மாதந்தோறும் மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள்: 600 போட்டு மாதம் 150 மிச்சமானால் நான்கே மாதத்தில் போட்டது திரும்பிவிடும். விரைவில் திரும்புவதை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் மிஞ்சுவதை அன்றாடச் செலவில் கரையவிடாமல் அடுத்ததற்கு ஒதுக்குங்கள். கடன் வாங்கி மொத்தமாகப் பொருள் வாங்குவதும், கெட்டுப்போகக்கூடியதை அதிகமாக வாங்குவதும் இந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

வீட்டு முன்பணம் திரட்ட முடியாமல் தொலைவில் குடியிருந்து, வருமானத்தில் ஒரு பங்கையும் நாளில் சில மணி நேரத்தையும் பயணத்துக்கே இழப்பது போன்றவை குறிப்பேட்டால் தீர்பவை அல்ல. அவற்றையும் எழுதுங்கள், ஆனால் உங்கள் கவனக்குறைவின் கணக்கில் சேர்க்காதீர்கள்.