சோற்றுக்கடை நடத்திக்கொண்டே சோற்றை விட்டது எப்படி

யாங்கோனில் அனவ்ரட்டா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் சின்னச் சோற்றுக்கடை வைத்திருக்கிறேன். விடிகாலை ஐந்துக்கு உலை வைத்தால் பகல் மூன்று வரை கையில் சோற்றுக் கரண்டிதான். அப்படிப்பட்டவன் சோறு தின்பதில்லை என்றால் யார் நம்புவார்கள்? "அண்ணே, உங்க கடைச் சோறு உங்களுக்கே பிடிக்கலையா?" என்று தினம் ஒருத்தராவது கேட்டுவிடுகிறார். பர்மாக்காரர் வழியில் பார்த்தால் விசாரிப்பதே "தமின் சா பீபிலா", சோறு தின்றாச்சா என்றுதான். இந்த ஊரில் சோற்றை விடுவது லேசு இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பதினாலு வருஷம். சாப்பிட்ட அரை மணியில் வயிறு ஊதிக்கொள்ளும். வலது முழங்கால் வலி வேறு. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, ஹெச்பிஏ1சி, 9.2-க்கு ஏறிய பிறகுதான் பயம் வந்தது. தானியத்தை நிறுத்திப் பதினோரு மாதத்தில் 6.8. வயிற்று ஊதல் முக்கால்வாசி போயிற்று. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். தானியத்தை விட்டால் சகலமும் தீரும் என்று சொல்கிறவர் பேச்சைப் பாதி மட்டும் நம்புங்கள்.

நிறுத்துவதற்கு முன்னால் இரண்டு வேலை. கோதுமை தின்றால் வயிற்றுப்போக்கு, ஊதல், இரத்தச்சோகை என்று வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்தி நாளாகிவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியதாம். காரணம் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம். பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் அதன் உறவு உண்டு. அரிசியில் கிடையாது. ஆகவே சீலியாக்காரர் அரிசியை விட வேண்டியதில்லை. என்னைப் போன்ற சர்க்கரைக்காரருக்குத்தான் அரிசியும் எதிரி.

இரண்டாவது வேலை மாத்திரை. இதை நான் செய்யாமல் விட்டேன். மூன்றாம் நாள் பதினொன்றரை மணி, கடையில் கூட்டம். கரண்டியைத் தூக்கினேன், கை நடுங்குகிறது. வேர்வை சட்டையோடு ஒட்டிவிட்டது. எதிரில் நிற்பவர் "ரெண்டு சோறு" என்கிறார், எனக்கு ரெண்டு என்றால் என்ன என்றே பிடிபடவில்லை. வீட்டுக்காரி கையைப் பிடித்து உட்காரவைத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள்: 58, ரொம்பத் தாழ்வு. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்தாள். நான் விழுங்கும் கிளிக்லசைடு என்பது சோற்றைக் கணக்குப் பண்ணிச் சர்க்கரையை இறக்கக் கொடுத்த மாத்திரை. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினேன். தப்பு என்னுடையதுதான். கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையென்றால், மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைக்கும்போது சர்க்கரை ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். டாக்டரிடம் போய் "இன்ன தேதியிலிருந்து சோறு இல்லை" என்று சொல்லி, அளவை மாற்றி வாங்கிக்கொண்டு பிறகு தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

எதெல்லாம் தானியம்? அரிசி, கோதுமை, ரவை, சோளம், பார்லி, ஓட்ஸ். கேழ்வரகும் கம்பும் தினையும் தானியமே. "ராகிக் களி நல்லதாச்சே" என்று என் கொழுந்தியா இன்னும் சண்டை போடுகிறாள். எனக்கு அதுவும் சர்க்கரையை ஏற்றியது. ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் தானியம் இல்லை, ஆனால் ஏற்றுவதில் குறைவும் இல்லை.

ஒளிந்திருக்கும் தானியம்தான் தொல்லை. மொஹிங்காவில் நூடுல்ஸைத் தள்ளிவிட்டு மீன் குழம்பை மட்டும் குடித்தால் போதும் என்று நினைத்தேன். அந்தக் குழம்பைக் கெட்டியாக்குவதே வறுத்த அரிசிப் பொடியும் கடலை மாவும்தான். மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பருப்பு வில்லையிலும் அரிசி மாவு. சோயா சாஸில் கோதுமை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். எனக்கு ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது. சீலியாக்காரர் டப்பாவைத் திருப்பிப் படித்தே ஆகவேண்டும்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் ராத்திரிச் சோறு மட்டும். அடுத்து காலை இட்லி. மத்தியானச் சோற்றைக் கடைசியில் தொடுங்கள். அதுதான் மனசோடு ஒட்டிய சோறு.

ஒரு சமையல்காரனாக நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. நம் குழம்பு எல்லாமே சோற்றில் பிசைவதற்காக உப்பும் புளியும் காரமும் தூக்கலாக வைப்பது. சோற்றை எடுத்துவிட்டு அதே மீன் குழம்பைக் கிண்ணத்தில் சாப்பிட்டால் நாலாம் நாள் நாக்கு வெந்துபோகும், மனசு சோற்றைத் தேடும். உப்பையும் புளியையும் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிசைவதற்கு முட்டைக்கோசைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் விடாமல் ஆவியில் வேகவைத்து வையுங்கள். சோறு மாதிரி இருக்காது. ஆனால் குழம்பை இழுத்துக்கொள்ளும்.

காலை வேளைக்கு ஷான் டோஃபு. இது சோயா இல்லை, கடலை மாவு. பால் டின்னால் ஒரு டின் கடலை மாவு, மூன்று டின் தண்ணீர், உப்பு, மஞ்சள். மாவைப் பாதித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி வைக்கவும். மீதித் தண்ணீர் கொதித்ததும் கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்துக் கை எடுக்காமல் கிண்டவும். முதலில் கஞ்சி மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் பளபளத்து, எரிமலை மாதிரி கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும். அதுதான் பதம். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டினால் மூன்று நாலு மணியில் இறுகிவிடும். துண்டு போட்டு, பொரித்த பூண்டு, வேர்க்கடலை, புளித்தண்ணீர் விட்டுக் கலக்கினால் காலைப் பசி அடங்கும். கடலையிலும் மாவுச்சத்து உண்டு. எனக்கு உள்ளங்கை அளவு போதும்.

மற்றபடி முட்டை, மீன், பருப்புக் கூட்டு, நாப்பி என்ற புளிக்கவைத்த மீன் விழுது போட்டு வதக்கிய புளிச்சக்கீரை, வாழைத்தண்டு. நாலு மணிப் பசிக்கு லபெட் தோ. தேயிலை, எள், வறுத்த பயறு, தக்காளி, ஒரு தானியமும் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். இரண்டாம் வாரம் மலச்சிக்கல் வரும். கீரையையும் தண்ணீரையும் கூட்டினால் சரியாகும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடுமுன் ஒருதரம், சாப்பிட்டு இரண்டு மணி கழித்து ஒருதரம் விரலில் குத்தி எழுதுங்கள். பருப்பு வடை இரண்டு எனக்குப் பரவாயில்லை, ஒரு பழுத்த மாம்பழம் கெடுத்துவிட்டது. உங்கள் நோட்டில் வேறு மாதிரி இருக்கலாம். ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் ஆவதற்கு முன்னால் பார்ப்பதில் பிரயோசனமில்லை. அது இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பது, அந்த அணுவின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள்.

கோவில் பொங்கலை மறுக்காதீர்கள். ஒரு கரண்டி வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டு, மிச்சத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். கல்யாண வீட்டில்தான் கஷ்டம். "டாக்டர் சொல்லிட்டார்" என்றால் இலையைப் போடாமல் விடமாட்டார்கள். நான் முதல் பந்தியிலேயே பரிமாற நின்றுவிடுவேன். கரண்டி பிடித்தவனை யாரும் சாப்பிடச் சொல்வதில்லை.