கமராவோடு மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறீர்கள், கையில் நல்ல கமராவும் இருக்கிறது என்றால், அந்த நாட்களில் சொந்தத்துக்குள் சாமத்தியவீடோ (பூப்பு நீராட்டு) கல்யாணவீடோ வருகிறதா என்று முதலே விசாரித்து வையுங்கள். வருகிறதென்றால், படம் எடுக்க ஸ்ரூடியோவுக்குச் சொல்லியாயிற்றா என்றும் கேளுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிச்சத்துக்குக் குறையில்லாத ஊர் நம் ஊர். காலையில் சூரியன் கடலில் எழும்பும், பின்னேரம் வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் இறங்கும். கல்லடியில் தங்கினால் இரண்டையும் நடந்தே போய் எடுக்கலாம். ஆறு மணிக்கு முன்னமே கடற்கரையில் நில்லுங்கள். ஒன்பது தாண்டினால் வெயில் மேலேறி, ஆட்களின் கண்குழியெல்லாம் கறுத்துப்போகும். பின்னேரத்துக்குக் கல்லடிப் பாலம்தான். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் புதியதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவரை எடுப்பதென்றால், வெளிச்சம் மங்க முதல், ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் கொண்டுவாருங்கள். வலை விரியும்போது ஓரத்து ஈயக்குண்டுகள்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீராவிப் புகார் பிடிக்கும், ஆகவே பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டில் வையுங்கள். இராணுவ முகாம், சோதனைச்சாவடிப் பக்கம் கமராவைத் தூக்கவே வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அதற்கு அலைவதைவிட அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது. அம்பாறைப் பக்கம் தீகவாபிக்குப் போனால் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். கோயில்களில் கேட்டுவிட்டு எடுங்கள். மூலஸ்தானத்தைக் கேட்கவும் வேண்டாம்.

சரி, சாமத்தியவீட்டுக்கு வருகிறேன்.

நாங்கள் போய் இறங்கிய கிழமை பெரியம்மாவின் பேத்திக்குச் சாமத்தியவீடு. என் தோளில் கமராவைக் கண்டவுடன் பெரியம்மா ஸ்ரூடியோக்காரரை மறித்து, குடுத்த முற்பணத்தையும் திருப்பி வாங்கிவிட்டா. முதல்நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சொன்னா. “எங்கட பிள்ளை கமராவோட வந்து நிக்கக்குள்ள பிறத்தியாருக்கு ஏன் மனே காசு குடுக்கிற?” இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது? அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. வர முடியாமல் இருந்தது. முன்னுக்கு நின்று எல்லாம் செய்தது பெரியம்மா. ஓம் என்றேன்.

பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிறவர் யாரும் இந்த வேலைக்கு ஓம் சொல்லாதீர்கள். விறாந்தையில் ஒரு பக்கம் ரியூப் லைட், மறுபக்கம் வாசலால் வரும் வெயில். பிள்ளையின் ஒரு கன்னம் பச்சை, மற்றது நீலம். பிளாஷைத் திருப்பி அடிக்க வெள்ளைச் சுவர் இல்லை, ஓட்டுக்கூரை. தண்ணீர் வார்க்கத் தொடங்கிக் குரவைச் சத்தம் கேட்கும்போது நான் வாசலில் யாரோ ஒரு குடும்பத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது முதல் குடம் முடிந்துவிட்டது. “மறுகா ஒருக்கா தண்ணி வாருங்க” என்று மாமியிடம் கேட்க வேண்டியதாயிற்று.

படம் எடுப்பதைவிடப் பெரிய வேலை ஆட்களை நிறுத்துவது. யாரை முதலில் கூப்பிட வேண்டும், எந்த இரண்டு வீடு கதைக்காமல் இருக்கிறது, யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் ஊர்ப் படக்காரருக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. காணி வழக்கு நடக்கிற இரண்டு மச்சான்மாரை ஒரே படத்துக்குக் கூப்பிட்டதில் ஒருவர் சாப்பிடாமலே போய்விட்டார். அன்று முழுவதும் எடுத்த படங்களில் என் இரண்டு மகள்மாரும் ஒன்றில்கூட இல்லை. முதன்முதலாகச் சேலை உடுத்து, வாழையிலையில் சோறு குழைத்துச் சாப்பிட்டார்களாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

அடுத்த நாளே “அல்பம் எப்ப?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பாசிக்குடாவில் பிள்ளைகள் கடலில் நிற்க, நான் அறைக்குள் மடிக்கணினியில் பச்சைக் கன்னங்களைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம். அப்படி ஒரு கடலை விட்டுவிட்டு!

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அந்த ஸ்ரூடியோக்காரரிடமே கொண்டுபோனேன். முகம் கோணவில்லை மனுசன். அம்மாவின் செத்தவீட்டுப் படங்களை எடுத்து எனக்கு அனுப்பியவரும் அவர்தான். அம்மாவின் கடைசி முகத்தை நான் கண்டது அவர் எடுத்த படத்தில். “அம்மாட படம் தெளிவா வந்து சேர்ந்ததா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். தவறிய வேலைக்கும் சேர்த்துக் காசு நீட்டினேன், அல்பத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே சொந்தக்காரர் கேட்டால், “ஸ்ரூடியோச் செலவு என்னுடையது, நான் பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன்” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வந்து சொல்லலாம் என்று நினைக்காமல் போக முதலே தொலைபேசியில் சொல்லுங்கள். நேரே நின்றால் வாய் வராது.

இன்னொன்று. உங்கள் அலுமாரியில் அந்தக் காலத்தில் கடிதத்தோடு ஊரிலிருந்து வந்த படங்கள் இருக்கும். அவற்றை ஸ்கேன் பண்ணி, பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். 1990 இடப்பெயர்வில் பலர் வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். நாவலடி, கல்லடிப் பக்கம் 2004 சுனாமியில் கடல் அல்பங்களை அலுமாரியோடு கொண்டுபோனது. பெரியம்மாவின் கல்யாணப் படம் ஒன்று என்னிடம் சூரிச்சில் இருப்பது அவவுக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கம் பெயர்களை எழுதி, நனையாத உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெட்டி பிந்தி வந்தாலும் படங்கள் உங்களோடு வந்து சேரும்.