ஏழு காய்களில் ஒரு செஸ் புதிர்: முதல்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

வேலூரில் மே மாதப் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. பிள்ளைகள் வீட்டுக்குள் செஸ் புதிர்களாகத் தீர்த்துத் தள்ளுகிறார்கள். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் இரண்டு நகர்வுப் புதிரை மூச்சுவிடும் நேரத்தில் முடிப்பவர்கள் உண்டு. ஆனால் "நீயே ஒன்று அமைத்துக் காட்டு" என்றால் எல்லாரும் பலகையை வெறித்துப் பார்க்கிறார்கள். அமைப்பது மேதைகளின் வேலை என்ற எண்ணம்தான் காரணம். அப்படியெல்லாம் இல்லை. லாங் பஜாரில் கிடைக்கும் சாதாரணப் பலகை ஒன்றும் ஒரு பிற்பகலும் போதும்.

நாம் அமைக்கப்போவது "வெள்ளை ஆடி இரண்டாவது நகர்வில் மேட்" என்ற வகை. விதிகள் சில. வெள்ளையின் முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். வேறு எந்த நகர்வாலும் மேட் வரக் கூடாது. ஒரே நகர்வில் மேட் கிடைத்துவிடவும் கூடாது. முதல் நகர்வு செக்காகவோ வெட்டாகவோ இல்லாமல் அமைதியாக இருப்பது அழகு. செக்கில் தொடங்கும் புதிரைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும்.

படி 1: முடிவிலிருந்து தொடங்குங்கள்

புதிரைப் பின்னாலிருந்து கட்ட வேண்டும். பலகையில் இவற்றை மட்டும் வையுங்கள்: வெள்ளை ராஜா சி8, யானை டி7, மந்திரி (பிஷப்) எச்1. கறுப்பு ராஜா ஏ8. மந்திரி மூலைவிட்டம் முழுவதும் கடந்து செக் கொடுக்கிறது. பி7, பி8 இரண்டையும் வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறார். ஏ7-ஐ யானை அடைத்திருக்கிறது. மேட்.

இங்கே கவனிக்க வேண்டியது, செக் கொடுப்பது யானை அல்ல, மந்திரி. அந்த யானை சற்று முன்வரை மந்திரியின் வழியிலேயே நின்றிருந்தால்?

படி 2: ஒரு கருவைப் பிடியுங்கள்

யானையை எடுத்துவிட்டு, கறுப்பு ராஜாவை ஏ7-க்கு நகர்த்துங்கள். மந்திரி ஏ8-ஐக் காத்துக்கொண்டிருப்பதால் அவரால் அங்கே போக முடியாது. மற்ற கட்டங்களும் அடைபட்டிருந்தால் கறுப்புக்கு நகர்வே இல்லை, ஆட்டம் ஸ்டேல்மேட், அதாவது டிரா. ஆக வெள்ளை தன் மந்திரியின் வழியைத் தானே மறித்து எதிரிக்கு ஒரு கட்டத்தைத் திறந்துவிட வேண்டும். ராஜா அதற்குள் நுழைந்ததும் யானை விலகும், மந்திரி பாயும்.

இந்தக் கருவுக்கு 'இந்தியக் கரு' என்றே உலகம் பெயர் வைத்திருக்கிறது. ஹென்றி லவ்டே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தியாவிலிருந்து 'ஷாகிர்த்' என்ற புனைபெயரில் அனுப்பிய நான்கு நகர்வுப் புதிர் 1845-இல் லண்டன் செஸ் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதில் மந்திரி முதலில் தொலைவுக்குப் பின்வாங்கும். பிறகுதான் யானை அதன் முன்னால் வந்து மறிக்கும். நாம் அந்த முதல் பாதியை விட்டுவிட்டு, மறிப்பதையும் விலகுவதையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

படி 3: முதல் வரைவு, அதன் ஓட்டைகள்

கறுப்பு ராஜா ஏ7-இல் இருக்கும்போது ஏ6, பி6 கட்டங்களையும் அடைக்க வேண்டும். எளிய வழி, யானையை எச்6-இல் வைப்பது. இப்போது மொத்தம் நான்கே காய்கள். யானை சி6-க்கு வந்து மறிக்கிறது, ராஜா ஏ8, யானை சி7, மேட். அழகாக இருக்கிறது.

கொண்டாடுவதற்கு முன் சோதியுங்கள். ராஜா ஏ8-க்குப் போனதும் யானை ஏ6-க்கு வந்தாலும் மேட்தான். அதைவிடப் பெரிய கோளாறு: முதல் நகர்விலேயே மந்திரியை ஏ8-இல் பலி கொடுக்கலாம். ராஜா வெட்டியாக வேண்டும். யானை ஏ6, மேட். இப்படி இரண்டாவது விடை முளைத்த புதிரை எந்தப் போட்டி நடுவரும் ஏற்கமாட்டார்.

படி 4: அடைப்பது

தொடக்கநிலையினர் இங்கேதான் காய்களை அள்ளிக் கொட்டுவார்கள். ஒவ்வொரு காயையும் வைக்கும்போது "நீ எதற்கு?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

நமக்குத் தொல்லை தருவது ஏ வரிசை. அங்கே வெள்ளைச் சிப்பாய் ஏ5, கறுப்புச் சிப்பாய் ஏ6. இரண்டும் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். வெள்ளைச் சிப்பாய் பி6-ஐயும் காப்பதால் யானைக்கு ஆறாவது வரிசைப் பொறுப்பு இல்லை. ஆனால் யானை எச்6-இலேயே இருந்தால் இப்போது எச்7-க்கு வந்து ஒரே நகர்வில் மேட் கொடுத்துவிடும். சி6-க்குப் போனாலும் பிறகு ஏ6 சிப்பாயை வெட்டி இன்னொரு மேட் உண்டு. எனவே யானையை எச்5-க்கு இறக்குங்கள். எச்7-க்கான பாதையை மறிக்க எச்6-இல் ஒரு வெள்ளைச் சிப்பாய். சும்மா நிற்பதுதான் அதன் வேலை என்று அலட்சியமாகப் பார்க்காதீர்கள். 1806-இல் சிப்பாய்கள் யாரென்று கண்ட ஊர் இது.

முழு அமைப்பு:

வெள்ளை: ராஜா சி8, யானை எச்5, மந்திரி எச்1, சிப்பாய்கள் ஏ5, எச்6.
கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய் ஏ6.

விடை: யானை டி5! ராஜா ஏ8 (வேறு நகர்வே இல்லை). யானை டி7, மேட்.

மொத்தம் ஏழு காய்கள். ஏழுக்கு மிகாத புதிரை மினியேச்சர் என்பார்கள்; அதற்கென்றே தனி மதிப்பு உண்டு.

படி 5: ஒவ்வொரு காயாகச் சோதனை

இந்தப் படி அலுப்பானது, தவிர்க்க முடியாதது. மந்திரி ஏ8-இல் விழுந்தால் ராஜா வெட்டுகிறார். யானைக்கு ஏ வரிசையில் சிப்பாய்கள் தடை, எட்டாவது வரிசையில் தன் ராஜாவே தடை. மந்திரியின் மற்ற நகர்வுகள் அனைத்தும் ஸ்டேல்மேட். வெள்ளை ராஜா சி7-க்குப் போனாலும் ஸ்டேல்மேட். டி7 அல்லது டி8-க்குப் போனால் கறுப்பு ராஜா பி8 வழியாக நழுவுகிறார். எச்6 சிப்பாயைத் தள்ளினால் அதுவும் ஸ்டேல்மேட். யானை பி5-க்குப் போனால் சிப்பாய் வெட்டிவிடும். டி5 தவிர அதன் மற்ற நகர்வுகள் எல்லாம் ஸ்டேல்மேட். கையால் பார்த்த பிறகு 'பாப்பை' (Popeye) என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். புதிர்களுக்கென்றே எழுதப்பட்டது, எல்லா விடைகளையும் பட்டியலிடும். முதலிலேயே கணினியிடம் ஓடினால் ஓட்டை எங்கே எதனால் வந்தது என்று பழக வாய்ப்பிருக்காது.

படி 6: புதுமை எங்கே?

புதுமை பெரும்பாலும் பழைய கருவைத் திருப்பிப் போடுவதில் பிறக்கிறது. வெள்ளை தன் காயைத் தானே மறிப்பதைப் பார்த்தோம். கறுப்பு தன்னைத் தானே மறித்துக்கொண்டால்? கறுப்பு யானையும் மந்திரியும் ஒரே கட்டத்தில் ஒன்றன் வழியை மற்றொன்று அடைப்பதை வால்டர் கிரிம்ஷா 1850-இல் காட்டினார். அதே கட்டத்தில் வெள்ளை ஒரு காயைப் பலியிட்டால், எந்தக் காய் வெட்டினாலும் மற்றதன் வழி அடைபடுமே என்று அன்டோனின் நோவோட்னி 1854-இல் யோசித்தார். நான்கே ஆண்டு இடைவெளி. கட்டம் அதே, கேள்வி மட்டும் வேறு.

உங்களுக்கு ஒரு பயிற்சி. நம் புதிரை மூன்று நகர்வாக்கி, லவ்டேயின் முதல் பாதியைச் சேருங்கள். மந்திரி சி6-இல் தொடங்கட்டும். கறுப்புக்கு ஒரே ஒரு நகர்வு மட்டும் மிச்சமுள்ள சிப்பாய் ஒன்றைக் கொடுங்கள். மந்திரி பின்வாங்கும் நேரத்தில் அது அந்த நகர்வைச் செலவழிக்கட்டும். யானை டி5-இல் மறிப்பதாக இருந்தால் சிக்கல் தீராது: மந்திரி ஈ4, எஃப்3, ஜி2, எச்1 எதில் நின்றாலும் வேலை நடக்கும் என்பதால் நான்கு விடைகள் வந்துவிடும். மறிக்கும் கட்டத்தை ஜி2-க்குக் கொண்டுபோனால் மந்திரிக்கு எச்1 ஒன்றுதான் மிஞ்சும். அப்போது யானை இரண்டாவது வரிசையில் எங்கே நிற்க வேண்டும், ஏழாவது வரிசைக்கு அது நேராக ஏறாமல் எதைக் கொண்டு தடுப்பது என்பதைப் பலகையில் வைத்துப் பாருங்கள்.