ஊராட்சி மூலமா வீடு கட்ட காசு வாங்குறது எப்படி (குடிசைய அவசரப்பட்டு பிரிக்காதீங்க)

"உனக்கு வீடு வந்திருக்கு"ன்னு யாராவது சொன்ன மறுநாளே குடிசைய பிரிச்சுப் போட்டுட்டு பக்கத்துல தார்ப்பாய் கட்டி உக்காந்துடுறாங்க. நான் பார்த்த வரைக்கும் பாதி பேர் மாட்டிக்கிறது இங்கதான், ஏன்னா பழைய குடிசையோட போட்டோவ அந்த இடத்துலயே நின்னு ஓவர்சியர் செல்போன் ஆப்ல ஏத்தணும், அது இல்லாம ஃபைல் நகராது. போட்டோ ஏறணும், பணி ஆணை பேப்பர் கைக்கு வரணும், அதுவரைக்கும் ஒரு கீத்தக்கூட உருவாதீங்க.

கிராமத்துல இப்ப பெருசா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு 2016ல ஆரம்பிச்ச பிரதமர் வீட்டுத் திட்டம். சமவெளின்னா ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், அதுல நூத்துக்கு 60 மத்திய அரசு, 40 மாநிலம், இந்தக் காசுல காங்கிரீட் கூரை போட முடியாதுங்கறதால தமிழ்நாடு அரசு கூரைக்குன்னு தனியா சேத்துக் குடுக்குது. இன்னொண்ணு 2024-25 பட்ஜெட்ல அறிவிச்ச கலைஞரின் கனவு இல்லம், 2030க்குள்ள 8 லட்சம் வீடுன்னு சொன்னது, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம்னு கணக்கு. டவுன்ல இருக்குறவங்களுக்கு வழி வேற, அங்க நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், நம்ம பழைய குடிசை மாற்று வாரியம்தான், அங்கயும் நகராட்சி ஆபீஸ்லயும் கேக்கணும்.

காசு எந்த அரசு குடுத்தாலும் யாருக்குங்கறது முடிவாகுற இடம் உங்க ஊர் கிராம சபைதான், அத லேசா எடுத்துக்காதீங்க. வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்னைக்கு வேலைக்குப் போகாம போய் உக்காருங்க, பயனாளி பட்டியல சத்தமா படிக்கச் சொல்லுங்க, உங்க பேர் இல்லேன்னா எந்திரிச்சு கேட்டு, கேட்டத தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. எழுதின அப்புறம் கையெழுத்து போடுங்க, வெறும் பக்கத்துல போடாதீங்க. தலைவர் இல்லாம தனி அலுவலர் இருக்குற ஊருன்னாலும் கிராம சபைக்கு அதே உரிமைதான்.

தகுதின்னு பார்த்தா சொந்த இடமும் பட்டாவும் முக்கியம், ஏற்கெனவே காங்கிரீட் வீடு வச்சிருந்தா கிடையாது. பட்டா தாத்தா பேர்லயே இருந்தா இன்னைக்கே பேர் மாத்தக் குடுத்துடுங்க, பட்டியல்ல பேர் வந்தப்புறம் தாலுகா ஆபீஸுக்கு அலைஞ்சா நாள் போயிடும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்குல இருக்குறவங்களுக்கு அந்த இடத்துலயே கிடைக்காது, அவங்க மொதல்ல இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு போடணும். பைக் இருந்தா பிரதமர் வீடு வராதுன்னு இன்னும் சிலர் சொல்லிட்டு திரியிறாங்க, அந்த விதிய 2024ல எடுத்துட்டாங்க, கார் ஆட்டோ மாதிரி வண்டிங்களுக்குத்தான் தடை. இடம் வீட்டுக்காரம்மா பேர்லயோ ரெண்டு பேர் பேர்லயுமோ இருந்தா நல்லது.

அடுத்தது பாங்க் அக்கவுண்ட். எங்க சித்திக்கு முதல் தவணை வரவே இல்ல, ரெண்டு மாசம் ஊராட்சி ஒன்றிய ஆபீஸுக்கு நடந்தாங்க, கடைசில பார்த்தா காசு எப்பவோ வந்து அவங்க மறந்தே போன ஒரு பழைய அக்கவுண்ட்ல கிடக்கு, ஏன்னா ஆதார் அதோடதான் இணைஞ்சிருந்துச்சு. பாஸ்புக்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற இனிஷியல்னாலும் இதே கதைதான். பாங்க்ல போய் "என் ஆதார் எந்த அக்கவுண்ட்ல சீட் ஆகியிருக்கு"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இப்ப முக்கியமான விஷயம், காசு முன்னாடி வராது. நீங்க கட்டணும், ஓவர்சியர் வந்து போட்டோ எடுக்கணும், அப்புறம்தான் தவணை: பேஸ்மெண்ட் (தரை மட்டம் வரைக்கும் அடித்தளம்) முடிஞ்சா ஒண்ணு, லிண்டல் மட்டம் (கதவு ஜன்னலுக்கு மேல போடுற பீம்) வந்தா ஒண்ணு, கூரை போட்டா ஒண்ணு, எல்லாம் முடிஞ்சா கடைசி. அதனால பேஸ்மெண்ட் வரைக்கும் கட்டுற காசு உங்க கையில இருந்தே ஆகணும், இத வட்டிக்கு வாங்காதீங்க, மகளிர் குழுவுல கடன் கேட்டுப் பாருங்க. சிமெண்ட்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியத்துலயே குடுத்துட்டு அதுக்கான தொகைய தவணையில பிடிச்சுக்குவாங்க, எத்தன மூட்டை எத்தன கிலோ வாங்கினீங்கன்னு நோட்டுல தேதியோட எழுதி வைங்க. நூறு நாள் வேலை அட்டை இருந்தா நம்ம வீட்டு வேலைக்கே கூலி நாள் சேருமான்னு அதையும் கேட்டுப் பாருங்க.

அளவு விஷயத்துல பிடிவாதமா இருங்க. கனவு இல்லம் 360 சதுர அடி, அதுல 300 காங்கிரீட், மீதி 60க்கு வேற கூரை போட்டுக்கலாம் ஆனா ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. கொத்தனார் வந்து "கொஞ்சம் சேத்து எடுத்துடலாம்ணே, ஒரு ரூம் எக்ஸ்ட்ரா வரும்"னு கயித்த ஒரு ரெண்டு முழம் தள்ளிப் பிடிப்பாரு, ஆசையாத்தான் இருக்கும், ஆனா அஸ்திவாரம் பெருசான அளவுக்கு செவுரு, கம்பி, சென்ட்ரிங் எல்லாமே ஏறும், அரசு காசு அப்படியேதான் இருக்கும். லிண்டலோட நின்னு செடி முளைச்சுக் கிடக்குற வீடுங்கள பாருங்க, நிறைய இந்த ரெண்டு முழத்துல நின்னதுதான். பின்னாடி சேத்துக் கட்ட இடம் விடுங்க, இப்ப சின்னதா முடிங்க.

போட்டோ எடுக்கவோ பேர் சேக்கவோ யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, இது உங்களுக்கு சேர வேண்டிய பணம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து ரசீது வாங்கலாம், 1100க்கு போன் பண்ணலாம், லஞ்சம்னா லஞ்ச ஒழிப்புத்துறை இருக்கு. தவணை நிக்குதுன்னா 10 ரூபா கட்டணத்தோட தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, "என் பேர்ல எந்தத் தேதியில எவ்வளவு தொகை எந்தக் கணக்குக்கு அனுப்புனீங்க"ன்னு ஒரே கேள்வி போதும், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். நிறைய பேருக்கு பதில் வர்றதுக்கு முன்னாடி தவணையே வந்துடுது.

கடைசி தவணைக்கு கதவு, ஜன்னல், பூச்சு எல்லாம் முடிஞ்சிருக்கணும், கக்கூஸும் சேத்து. போட்டோ எடுக்குற அன்னைக்கு வீட்டு ஆள் யாராவது கண்டிப்பா வீட்ல இருங்க. அப்புறம் ஊராட்சில வீட்டு வரி போட்டு ரசீத வாங்கிட்டு, அதே வாரத்துல இபி ஆபீஸுக்குப் போய் கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்துடுங்க.