வளவு வீட்டில் கோடையைக் குறைந்த மின்சாரத்தில் கழிப்பது எப்படி?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து குடியிருக்க வருபவர்கள் முதலில் விசாரிப்பது, எத்தனை அறைகளுக்கு ஏசி போடலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, வீடே எவ்வளவு வெக்கையைத் தாங்கும் என்று முதலில் பார்த்துவிட்டால், வசதியும் குறையாது, மின்கட்டணமும் ஏறாது.

வீட்டின் நடுமுற்றமான வளவிலிருந்து தொடங்குங்கள். நடுவில் வானம் தெரியும்படி விட்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. சுற்றியுள்ள அறைகளில் சேரும் சூடான காற்று அதன் வழியாகத்தான் மேலேறி வெளியேறுகிறது. முகப்பு வாசலும் பின்கட்டு வாசலும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால், இரண்டையும் திறந்தால் காற்று வீட்டின் நீளம் முழுவதும் ஓடும். குரங்குத் தொல்லை தாங்காமல் எங்கள் வீட்டு முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினோம். வெளிச்சம் வந்தது, குரங்கு வரவில்லை; ஆனால் பங்குனி பிறந்ததும் அப்பத்தா தம் சாய்வு நாற்காலியை வளவிலிருந்து இழுத்துக்கொண்டு முகப்புக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே ஷீட்டைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தோம். மழைச் சாரலுக்காக மூடித்தான் ஆகவேண்டும் என்பவர்கள், ஷீட்டைக் கூரையோடு ஒட்டாமல் இரண்டடி உயர்த்தி நிறுத்தி, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள்.

அடுத்தது சுவர். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய பழைய சுவரில் ஈரம் உள்ளே போனாலும் திரும்ப வெளியே வந்துவிடும். அதன்மேல் சிமெண்டையோ பிளாஸ்டிக் பெயிண்டையோ ஏற்றினால், ஈரம் உள்ளேயே தங்கி இரண்டு மழைக்காலத்துக்குள் பூச்சு உப்பிவிடும். பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே ஒட்டுப்போடச் சொல்லுங்கள். கொத்தனார் சிமெண்டுதான் உறுதி என்று வாதாடுவார், விட்டுக்கொடுக்க வேண்டாம். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் பெயர்க்காதீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல் அது. சூளையில் சுடுவதில்லை என்பதால் எரிபொருள் செலவும் இல்லை. ஆசிட் படாமல் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும்.

சன்னல்களுக்கு நேரக் கணக்கு உண்டு. காலை எட்டு மணிக்குள் வெளிப்பக்கச் சன்னல்களைச் சாத்திவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். கனத்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் கக்கும். அந்த நேரத்தில் சன்னல்கள் மூடியிருந்தால் மறுநாள் வீடு சூட்டோடுதான் விடியும்.

மின்விசிறியை மாற்றுவதில் கிடைக்கும் லாபம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய விசிறி 75 வாட் வாங்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளை மாற்றினால், இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் மிச்சமாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டை விட அது அதிகம்.

தண்ணீரில்தான் இந்த வீடுகளின் உண்மையான வசதி இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் அவ்வளவும் விழுந்து ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 65,000 லிட்டருக்கு மேல் கையில் நிற்கும். ஓட்டுக் கூரைகள் சேரும் கூடல்வாய்த் தகரத்தை ஐப்பசிக்கு முன்பே ஏணி போட்டுப் பாருங்கள். சருகு அடைத்திருந்தால் நீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கும், உத்திரத் தேக்கும் கெடும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் துணி கட்டி வடிகட்டித் தொட்டியில் சேருங்கள். கொசு நுழையாதபடி தொட்டியை மூடிவையுங்கள். நிரம்பி வழிவதைக் கிணற்றுக்குத் திருப்புங்கள், சாக்கடைக்கு விடாதீர்கள். முன்பு ஊரில் விழுந்த மழையை ஊருணி வாங்கிக்கொண்டது. இப்போது பல ஊர்களில் அதன் வரத்துக்காலை மறித்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

சூரியத் தகடு வைப்பதென்றால் ஓட்டின்மேல் வேண்டாம், பின்கட்டுத் தட்டோட்டியில், அதாவது சமதள மாடியில், வையுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்கு நான்கு யூனிட் அளவில் கிடைக்கும். 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

இவ்வளவும் செய்து ஒரு சித்திரையைக் கழித்த பிறகு ஏசியைப் பற்றி யோசியுங்கள். உயர்ந்த விதானமுள்ள பட்டாலை என்னும் கூடத்தைக் குளிரவைக்க முயல்வது காசைக் கரியாக்குவது. வளவை ஒட்டிய சிறிய அறை ஒன்றைத் தேர்ந்து, கதவிடுக்கை அடைத்து, 26 டிகிரியில் வைத்து விசிறியையும் சேர்த்து ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் அது அப்பத்தாவின் அறை. கத்திரி வெயில் நாட்களில் மட்டும், அதுவும் இரவு பதினொரு மணி வரைதான் ஓடுகிறது. அதன்பின் அவரே எழுந்து அணைத்துவிட்டு, வளவுப் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொள்கிறார்.